குதிரையைத் தூக்கியவளை வரைந்தவள்

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளி நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துவந்தாள். ‘பிப்பி லாங்ஸ்டாக்கிங்’. அம்மா இறந்துபோன, அப்பா கடலில் காணாமல்போன ஒன்பது வயதுச் சிறுமி ஒரு பழைய வீட்டில் தனியாகக் குடியிருக்கிறாள். துணைக்கு ஒரு குரங்கு, திண்ணையில் ஒரு குதிரை. சிவப்புத் தலைமுடி, இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும் பின்னல்கள், முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள், காலைவிட இரண்டு மடங்கு நீளமான காலணிகள். குதிரையைக் கையால் தூக்குவாள். அநாதை இல்லத்துக்கு அழைத்துப்போக வந்த போலீஸ்காரர்கள் இருவரையும் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடுவாள். பெட்டி நிறையத் தங்கக் காசு வைத்திருக்கிறாள். ராத்திரி தூங்கப் போ என்று சொல்ல ஆளில்லாததால் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள்.

“இவளுக்கு யாரும்மா தலை பின்னிவிடுவா?” இதுதான் என் மகளின் ஒரே கவலை.

“அவளே பின்னிப்பாளா இருக்கும்.”

அந்த வருடம் முழுக்க அவளும் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கோணல் வகிடும் பிரிந்த பின்னலுமாகத் திரும்பி வருவாள். நான் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கனடாவில் மேற்படிப்புக்குப் போயிருந்த என் முன்னாள் மாணவி ஊருக்கு வந்தபோது மகளுக்கென்று ஒரு பிப்பி காமிக்ஸ் புத்தகம் கொண்டுவந்தாள். பெரிய அளவு, வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். மகள் ஆசையாகப் பிரித்தாள். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, இது வேற பிப்பி.”

நூலகப் புத்தகத்து பிப்பி கறுப்பு மையில் வேகமாகக் கிறுக்கிய கோடுகளால் ஆனவள். இவள் அப்படி இல்லை. அழுத்தமான ஒற்றைக் கோட்டுக்குள் தட்டையான சிவப்பும் மஞ்சளும் பச்சையும். நிழல் கிடையாது. நேராக நிற்கிறாள், நேராகப் பார்க்கிறாள்.

“காமிக்ஸுக்காக இப்பப் புதுசா யாராவது வரைஞ்சிருப்பாங்க” என்றேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், பதிப்பு வரலாறு பாடம் எடுப்பவள், சற்றும் யோசிக்காமல் சொன்ன பதில் அது.

தவறான பதில். புதிதென்று நான் நினைத்ததுதான் முதலில் வந்தது. காமிக்ஸ் வடிவம் 1950-களின் இறுதியில் வந்தது. அதை வரைந்த கைதான் 1945-ல் ஸ்வீடனில் வெளிவந்த முதல் பிப்பி புத்தகத்துக்கும் வரைந்தது. என் மகள் இரண்டு வருடம் நேசித்த பிப்பிதான் பின்னால் வந்தவள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது. இங்ரிட் வாங் நீமன். அந்தப் பெயரை அதற்குமுன் நான் கேள்விப்பட்டதே இல்லை.

*

பிப்பியின் பிறப்புக் கதை ஸ்வீடனில் கிட்டத்தட்ட நாட்டுப்புறக் கதை ஆகிவிட்டது. 1941-ல் ஆஸ்ட்ரிட்டின் மகள் கரின் நோயில் படுத்திருந்தாள். ‘பிப்பி லாங்ஸ்ட்ரும்ப் கதை சொல்லு’ என்று கேட்டாள். பெயர் அந்த நொடியில் குழந்தையின் வாயில் வந்தது. விசித்திரமான பெயருக்கு ஏற்ற விசித்திரமான பெண்ணைத் தாய் கற்பனை செய்தார். 1944 மார்ச்சில் பனியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டு படுக்கையில் கிடந்தபோது அந்தக் கதைகளை எழுதினார். அதே ஆண்டு மே மாதம் கரினின் பத்தாவது பிறந்தநாளுக்குத் தட்டச்சுப் பிரதியாகப் பரிசளித்தார். அந்தப் பிரதிக்கு அட்டைப்படமும் அவரே வரைந்தார். பெரிய பதிப்பகமான போனியர் அதை நிராகரித்தது. திருத்தி எழுதிய வடிவம் 1945-ல் ராபேன் அண்ட் ஷோக்ரென் என்ற இளம் பதிப்பகம் நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அந்த நவம்பரில் புத்தகம் வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பரிசோடு நிறுத்திவிடுகிறார்கள். பரிசுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இன்னொரு பெண்ணின் மேசை இருக்கிறது.

இங்ரிட் 1916 ஆகஸ்ட்டில் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் வையன் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே காசநோய் தாக்கி ஒரு கண்ணில் பார்வை போனது. கோபன்ஹேகனில் உள்ள அரசு நுண்கலைக் கழகத்தில் ஓவியம் படித்தார். 1940-ல் கவிஞரும் ஓவியருமான ஆர்னே நீமனை மணந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்தது. 1942-ல் ஸ்டாக்ஹோம் வந்து சேர்ந்தார். ஸ்வீடன் போரில் சேராத நாடு. திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது. போர் முடியும்போது அவர் அந்நிய நகரத்தில், அந்நிய மொழியில், வரைந்து சம்பாதித்துப் பிழைக்கிற பெண். ஒரு சிறுவனின் தாய்.

ஆஸ்ட்ரிட்டின் வாழ்க்கையிலும் கோபன்ஹேகன் உண்டு. மணமாகாமல் கருவுற்ற அவர், 1926-ல், 19 வயதில், தந்தை யார் என்று கேட்காத மருத்துவமனை தேடி ஸ்வீடனிலிருந்து அந்த நகருக்குப் போய்த்தான் மகனைப் பெற்றார். அங்கேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஒருத்தி ஸ்வீடனிலிருந்து டென்மார்க் போனார், மற்றவர் டென்மார்க்கிலிருந்து ஸ்வீடன் வந்தார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத, யார் தயவிலும் வாழ வேண்டாத, பெட்டி நிறையக் காசு வைத்திருக்கிற ஒரு சிறுமியை இந்த இரண்டு பெண்களும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். பிப்பியின் தங்கக் காசுகளை வெறும் வேடிக்கையாக என்னால் இப்போது படிக்க முடியவில்லை.

*

ஓவியர் என்ன செய்தார்? எழுத்தாளர் சொன்னதை வரைந்தார், அவ்வளவுதானே என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி.

எழுத்து என்ன தருகிறது என்று முதலில் பார்ப்போம். பின்னலின் நிறம், விறைப்பு. உருளைக்கிழங்கு போன்ற மூக்கு. ஒன்றுக்கொன்று பொருந்தாத காலுறைகள். துணி போதாமல் ஒட்டுப்போட்ட உடை. இதெல்லாம் ஆஸ்ட்ரிட்டின் சொல்லில் இருக்கிறது. அவள் எப்படி நிற்கிறாள், முகத்தை எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறாள், யாரைப் பார்க்கிறாள் என்பதை எழுத்து விட்டுவிடுகிறது. அங்கேதான் ஓவியர் முடிவெடுக்கிறார்.

அந்தக் காலத்துச் சிறுவர் நூல்களில் வரும் பெண் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். தலையை ஒருபக்கம் சாய்த்திருப்பார்கள். கன்னத்தில் குழி விழும். பார்ப்பவர் தன்னைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று ஏங்குவதுபோல் கண் விரிந்திருக்கும். இங்ரிட்டின் பிப்பி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. குதிரையைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் பற்களைக் கடிக்கவில்லை, முழங்காலை மடக்கவில்லை. கனம் தெரியவே இல்லை. பார், நான் எவ்வளவு பலசாலி என்ற பெருமையும் முகத்தில் இல்லை. குடத்தை இந்தத் திண்ணையிலிருந்து அந்தத் திண்ணைக்கு நகர்த்துகிற ஒரு பெண்ணின் முகம்தான் அது. பலம் என்பது ஒரு பெண்ணுக்கு அதிசயம் அல்ல, அன்றாடம் என்று அந்தப் படம் சொல்கிறது. ‘அவள் மிகுந்த பலசாலி’ என்று எழுத்தாளர் எழுதலாம். அந்தப் பலம் எவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்பதை இங்ரிட் காட்டினார்.

அவருடைய கோட்டில் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களின் தடம் தெரிகிறது. தெளிவான எல்லைக்கோடு, நிழலில்லாத வண்ணத் தளங்கள், துணியிலும் சுவரிலும் பொறுமையாக இட்ட வடிவங்கள், எதிர்பாராத இடத்திலிருந்து பார்க்கும் பார்வை. ஒரு கண்ணில்தானே பார்வை, அதனால் ஆழம் தெரியவில்லை, தட்டையாக வரைந்தார் என்று யாராவது சொல்லக்கூடும். பெண்ணின் கலைக்கு அவள் உடம்பில் காரணம் தேடும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. ஹொக்குசாயும் ஹிரோஷிகேயும் இரண்டு கண்ணால் பார்த்துத்தான் தட்டையாக வரைந்தார்கள். அதை ஒரு கலை முடிவு என்றே படிக்கிறோம். இங்ரிட்டுக்கும் அதே மரியாதை உரியது.

1946 ஆகஸ்ட்டில் யோன் லாண்ட்க்விஸ்ட் என்ற பேராசிரியர் ‘ஆஃப்டன்பிளாடெட்’ நாளிதழில் பிப்பியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ரசனை கெட்ட புத்தகம், இயல்பான குழந்தை எதுவும் இப்படி நடந்துகொள்ளாது என்பது அவர் வாதத்தின் சாரம். பெரிய விவாதம் மூண்டது. அவர்களைக் கோபப்படுத்திய சிறுமிக்கு முகம் கொடுத்தவர் இங்ரிட். ஆனாலும் இன்றுவரை அந்த விவாதத்தைச் சொல்லும்போது ஆஸ்ட்ரிட்டின் துணிச்சல் என்றுதான் சொல்கிறோம்.

*

பிப்பி எல்லை தாண்டியபோது நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது.

1949-ல் ஜெர்மன் பதிப்பு வந்தது. படங்கள் வால்டர் ஷார்ன்வேபர். 1950-ல் அமெரிக்கப் பதிப்பு. படங்கள் லூயிஸ் கிளான்ஸ்மன். 1954-ல் பிரிட்டிஷ் பதிப்பு. படங்கள் ரிச்சர்ட் கென்னடி. என் மகள் கொண்டுவந்த பழைய புத்தகத்தில் இருந்தவை கென்னடியின் கோடுகள். பிரிட்டிஷ் பதிப்பகங்கள் வழியாகப் புத்தகம் வந்துசேரும் நம்மைப் போன்ற நாடுகளுக்கு அந்த பிப்பிதான் பிப்பி. 2007-ல் ஆங்கிலத்தில் புது மொழிபெயர்ப்பு வந்தபோது லாரன் சைல்ட் வரைந்தார். இவர்கள் ஒவ்வொருவரும் தேர்ந்த ஓவியர்கள். அவர்கள்மீது எனக்கு வழக்கில்லை. அந்தந்த நாட்டு வாசகருக்குப் பழக்கமான பாணியில் படம் வேண்டும் என்று பதிப்பகங்கள் நினைப்பது வியாபார வழக்கம்.

ஆனால் அந்த வழக்கத்தின் அர்த்தத்தை யோசிக்க வேண்டும். ஸ்வீடிஷ் சொல் ஜெர்மானியக் குழந்தைக்குப் புரியாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். படத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. எந்த நாட்டுக் குழந்தையும் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடும். அப்படியிருந்தும் எல்லையில் கழற்றிவைக்கப்பட்டது படம்தான். எழுத்து மூலநூல். அதை மாற்றினால் ‘மூலத்துக்கு விசுவாசமாக இல்லை’ என்று சண்டை வரும். படம் சட்டை. ஊருக்கு ஊர் மாற்றிப் போடலாம். பிப்பி இன்று 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறாள். ஆஸ்ட்ரிட்டின் பெயர் அத்தனை மொழிகளுக்கும் போனது. இங்ரிட்டின் பெயர் அப்படிப் போகவில்லை.

சொந்த நாட்டிலும் எல்லாப் படங்களும் நிலைக்கவில்லை. ஆஸ்ட்ரிட்டின் புல்லர்பி கிராமத்துக் குழந்தைகள் கதைக்கு 1947-ல் முதலில் வரைந்தவர் இங்ரிட். பின்னர் அந்தக் கதைகள் இலோன் விக்லாந்தின் படங்களோடு பரவின. விக்லாந்தும் போர்க்காலத்தில் எஸ்டோனியாவிலிருந்து அகதியாக ஸ்வீடன் வந்த பெண். ஒரு பெண்ணின் இடத்தில் இன்னொரு பெண் வந்தார். யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை. நாற்காலிதான் அப்படிச் செய்யப்பட்டிருந்தது. அதில் உட்காருபவர் மாற்றத்தக்கவர்.

*

இங்ரிட் இதை ஏற்றுக்கொண்டவர் அல்ல. குழந்தைகளுக்கான ஓவியத்தைப் பெரியவர்களுக்கான கலையோடு சமமாக மதிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மதிப்பு என்று அவர் சொன்னது பாராட்டை மட்டுமல்ல, கூலியையும் சேர்த்துத்தான். தன் வேலையின் தரம் அவருக்குத் தெரியும். அதற்கேற்ற தொகை கேட்டார். பதிப்பகங்களோடு மோதினார். உடன் வேலைசெய்வதற்குக் கடினமானவர் என்று பெயரெடுத்தார்.

நம் ஊர் மொழியில் சொன்னால், சண்டைக்காரி.

இந்தச் சொல் யார்மீது விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தன் ஓவியத்துக்கு விலை சொல்லும் ஆணுக்குத் ‘தன் மதிப்பு தெரிந்தவர்’ என்று பெயர். குழந்தைகளுக்காக வரைகிற பெண் விலை கேட்டால் கூடுதலாக ஒரு அதிர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. குழந்தைக்குச் செய்வதற்கா காசு? தாலாட்டுக்குக் கூலி கேட்பாளா ஒருத்தி? குழந்தை சார்ந்த எந்த வேலையையும் பெண்ணின் அன்புக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். பால்வாடி ஆசிரியையின் சம்பளத்திலிருந்து சிறுவர் நூல் ஓவியரின் தொகைவரை இதே கணக்குதான். இங்ரிட் அந்தக் கணக்கேட்டை ஒத்துக்கொள்ள மறுத்தார். குழந்தைக்கு மட்டமான படம் போதும் என்று நினைப்பவர்தான் குழந்தையை மதிக்காதவர், நல்ல படத்துக்கு நல்ல கூலி கேட்பவர் அல்ல.

ஆஸ்ட்ரிட்டை இதில் வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். 1946 முதல் அவர் அதே பதிப்பகத்தில் சிறுவர் நூல் ஆசிரியராக வேலைபார்த்தார். 1970 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரே கதையில் சேர்ந்து உழைத்த இரண்டு பெண்களில் ஒருவருக்குப் பதிப்பகத்துக்குள் மேசை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, ஒவ்வொரு பதிப்பிலும் பெயர் இருந்தது. மற்றவர் வேலைக்கு வேலை கூலி பேச வேண்டியவர். சகோதரித்துவம் என்று எழுதும்போதெல்லாம் இந்த இரண்டு நாற்காலிகளும் என் நினைவுக்கு வருகின்றன.

இங்ரிட்டைப் புனிதப்படுத்தவும் கூடாது. 1948-ல் வந்த மூன்றாவது புத்தகத்தில் பிப்பி தென்கடல் தீவு ஒன்றுக்குப் போகிறாள். அவள் அப்பா அங்கே கறுப்பின மக்களுக்கு ராஜா. வெள்ளைக்கார மாலுமி கரையொதுங்கியதும் தீவு மக்கள் அவனை அரசனாக்குகிறார்கள் என்ற காலனியக் கனவு அது. அந்தக் கதைக்கும் வரைந்தவர் இங்ரிட்தான். எழுத்தின் பார்வையிலிருந்து படம் தப்பவில்லை. ஸ்வீடிஷ் பதிப்பில் இழிவான அந்தச் சொல்லை 2015-ல் ‘தென்கடல் ராஜா’ என்று மாற்றினார்கள். அதே இங்ரிட் 1940-களிலேயே கிழக்கிலும் மேற்கிலும் வாழும் குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒரு கல்லச்சு ஓவியத் தொகுப்பும் செய்திருக்கிறார். உலகத்துக் குழந்தைகளெல்லாம் தன் தாளில் இடம்பெற வேண்டும் என்ற ஆசையும், ஐரோப்பியக் கண்ணின் எல்லையும் ஒரே கையில் இருந்தன. பிப்பியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துப் பேசத்தான் வேண்டும்.

*

1950-களின் நடுவில் இங்ரிட் டென்மார்க் திரும்பினார். 1957 முதல் 1959 வரை ‘க்ளும்பே டும்பே’ என்ற சிறுவர் இதழில் பிப்பி படக்கதை வந்தது. என் மாணவி கொண்டுவந்த காமிக்ஸ் அதன் ஆங்கில வடிவம். கனடாவின் டிரான் அண்ட் குவார்ட்டர்லி பதிப்பகம் 2012-லிருந்து அதை வெளியிட்டது. ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளுக்கு இங்ரிட்டின் பிப்பி படக்கதை இப்படித்தான் வந்துசேர்ந்தது, அரை நூற்றாண்டு தாமதமாக.

1959 டிசம்பரில் கோபன்ஹேகனில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 43.

இதை எங்கே சொல்வது என்று நெடுநேரம் யோசித்தேன். தற்கொலையில் தொடங்கியிருந்தால் கட்டுரை உங்களை உடனே பிடித்திருக்கும். மகிழ்ச்சியான சிறுமியை வரைந்த சோகமான பெண் என்ற கதை எப்போதும் விலைபோகும். பெண் கலைஞர்களை நாம் நினைவுகூரும் விதமே அதுதான். எப்படிச் செத்தாள் என்பது தெரியும். என்ன வரைந்தாள், எவ்வளவு கேட்டாள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தெரியாது. சாவு அவள் வாழ்க்கைக்கு உரையாசிரியராகிவிடுகிறது. பிறகு அவளுடைய கோபமும் நோய், பிடிவாதமும் நோய், கூலி கேட்டதும் நோய்.

அவருக்கு மனவேதனை இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பதிப்பகத்தோடு போட்ட சண்டை அந்த வேதனையின் அறிகுறி அல்ல. அது தொழில் தெரிந்த ஒருவர் தன் தொழிலுக்காகப் போட்ட சண்டை. எனக்கு இப்போது அவர் இறந்த வயது. அவரைப் பற்றி ஒன்றை மட்டும் மாணவர்கள் நினைவில் வைக்கலாம் என்றால், அந்தச் சண்டையை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

சங்க இலக்கியம் நடத்தும்போது மாணவர்கள் விரும்பிக் கேட்கும் ஒரு பகுதி உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார். இயற்பெயர் தெரியாத கவிஞர்களுக்கு அவர்கள் பாடலில் வந்த தொடரையே பெயராகச் சூட்டினார்கள் தொகுத்தவர்கள். பெயர் தொலைந்தாலும் படைப்பாளி தொலையக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. இங்ரிட் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெயர் தெரியும். புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. அதைப் படிக்க யாரும் நிற்கவில்லை. நானும்தான்.

நான் நிற்காததற்கு இன்னொரு சாட்சியும் என் அலமாரியில் இருக்கிறது. என் முதல் கவிதைத் தொகுப்பு. அதன் அட்டையை வரைந்தவள் என் கல்லூரித் தோழி. மூன்று இரவு கண்விழித்து வரைந்தாள். கிணற்றடியில் முதுகு காட்டி நிற்கும் பெண். அந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசிய எல்லோரும் அட்டையைப் பற்றியும் பேசினார்கள். அவள் பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை. அச்சில் விட்டுப்போச்சு என்று பதிப்பகத்தில் சொன்னார்கள். நானும் விட்டுவிட்டேன். மெய்ப்பு மூன்று முறை பார்த்தவள் நான். ஓர் ஒற்று விட்டிருந்தால்கூடத் திருத்தியிருப்பேன்.

இங்ரிட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, உள் தலைப்புப் பக்கத்திலேயே உன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன், இத்தனை வருடம் போடாததற்கு மன்னித்துக்கொள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“பேரு சரிடி. காசு?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். பதினெட்டு வருடமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நட்புக்காக வரைந்தாள் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். பெயர் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைத்தேன்.

“எவ்வளவுன்னு சொல்லு.”

சொன்னாள். குறைவில்லாத தொகை. யோசித்து வைத்திருந்த தொகை என்று குரலிலேயே தெரிந்தது. நான் பேரம் பேசவில்லை.